பள்ளி வாசலில் ஓடிக்கொண்டே நிற்கும் வேன்: "ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆகாது" என்பது உண்மையா?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். மகள் யு.கே.ஜி. படிக்கிறாள். சாயங்காலம் பள்ளி விடுவதற்கு இருபது நிமிடம் முன்பே ஐந்தாறு வேன்கள் வாசலில் வந்து நின்றுவிடுகின்றன. ஒன்றும் இன்ஜினை நிறுத்துவதில்லை. ஒரு டிரைவரிடம் கேட்டதற்கு, "ஆஃப் பண்ணா ஸ்டார்ட் ஆகாதுக்கா, நீங்க வந்து தள்ளுவீங்களா?" என்று சொல்லிவிட்டாராம். அவர் சொன்னது உண்மையா, அந்தப் புகை அவ்வளவு கெடுதலா, டிரைவர்களிடம் எப்படித்தான் சொல்வது என்பது அவர் கேள்வி. கடைசியில் ஒரு துணைக்கேள்வியும் இருக்கிறது: அடுத்த வாரம் காரில் ஏற்காடு போகிறார்கள், காலைக் குளிரில் இன்ஜினை எவ்வளவு நேரம் ஓடவிட வேண்டும்?

நான் முப்பத்திரண்டு வருடம் டீசல் வண்டி வேலை பார்த்தவன். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் பட்டறை வைத்திருந்தேன். லாரியும் வேனும் பஸ்ஸும்தான் என் பிழைப்பு. இப்போது டிரைவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்தையும் பார்த்தவனாகச் சொல்கிறேன்.

அந்த டிரைவர் உங்களிடம் திமிராகப் பேசினார் என்று நினைக்க வேண்டாம். அவர் சொன்னது அநேகமாக உண்மை. பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய வேன். பேட்டரி எப்போதோ மாற்றியது. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், எர்த் ஒயர் முனையில் பச்சை பூத்திருக்கும். ராத்திரி வீட்டுப் பக்கம் நிறுத்தும்போதே சரிவு பார்த்துத்தான் நிறுத்துவார், காலையில் உருட்டி ஸ்டார்ட் செய்ய வசதியாக. அப்படிப்பட்ட வண்டியில் பிள்ளைகள் எல்லாம் ஏறி உட்கார்ந்த பிறகு சாவியைத் திருப்பி, 'டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வந்தால் அவர் கதி என்ன? பின்னால் ஹாரன், கையில் பெற்றோர் ஃபோன், மறுநாள் ஓனர் திட்டு. அந்த ஒரு 'டக்'குக்குப் பயந்துதான் இருபது நிமிடம் ஓடவிடுகிறார். நான் பேசிய டிரைவர்களில் முக்கால்வாசிப் பேரிடம் பார்த்தது இந்தப் பயம்தான். காற்றைப் பற்றிய அலட்சியம் அதற்கு அப்புறம்தான் வரும். எனவே நுரையீரலில் ஆரம்பித்தால் பேச்சு ஏறாது, செல்ஃப் மோட்டாரில் ஆரம்பிக்க வேண்டும்.

பயத்தோடு ஒரு தவறான கணக்கும் சேர்ந்திருக்கிறது. "ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணினா அரை லிட்டர் குடிச்சிரும், அதுக்கு ஓடவிடறதே மேல்" என்று இன்றைக்கும் நல்ல அனுபவசாலிகளே சொல்கிறார்கள். ஒரு பள்ளி வேன் டிரைவர் என் பட்டறையில் இதையே சொல்லி வாதாடினார். பழைய மாடல் மெக்கானிக்கல் பம்பு வண்டி. ஒரு லிட்டர் பாட்டிலில் டீசல் பிடித்து, பம்புக்குப் போகிற ஓஸையும் திரும்பி வருகிற ரிட்டர்ன் ஓஸையும் அந்தப் பாட்டிலிலேயே விட்டேன். டீசல் மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அவரையே உட்காரவைத்து ஸ்டார்ட் செய்து அணைக்கச் சொன்னேன், பத்துத் தடவை. கோட்டுக்குக் கீழே ஒரு விரல்கூட இறங்கவில்லை. அடுத்து இருபது நிமிடம் சும்மா ஓடவிட்டோம். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கால் பாட்டில் காலி. அவர் பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

காலையிலும் இப்படியே நின்று ஓடுகிறது என்று வைத்தால் கால் லிட்டர் காலையில், கால் லிட்டர் சாயங்காலம். பள்ளி வருடத்துக்கு இருநூறு நாள் என்று வைத்தால் நூறு லிட்டர். லிட்டர் தொண்ணூறு ரூபாய்க்குக் கணக்குப் போட்டாலும் ஒன்பதாயிரம் ரூபாய். அந்த வேனுக்கு ஒரு புதுப் பேட்டரி கிட்டத்தட்ட அவ்வளவுதான். பேட்டரி மாற்றக் காசில்லை என்று நினைத்து, பேட்டரி விலைக்கு டீசலை வாசலிலேயே எரிக்கிறார்கள். காருக்கும் இதே விஷயம்தான்: பத்து விநாடிக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் அணைத்து ஸ்டார்ட் செய்வதே எரிபொருளுக்கு லாபம் என்று அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வுக்கூடம் அளந்து சொல்லியிருக்கிறது. நம் ஊர் பழைய செல்ஃப் மோட்டார்களை மனதில் வைத்து நான் பத்து விநாடி என்று சொல்ல மாட்டேன். சிக்னலில் எண் அறுபதுக்கு மேல் காட்டினால் அணையுங்கள். எங்கே நிறுத்தினாலும் ஒரு நிமிடம் தாண்டினால் அணையுங்கள்.

டீசல் காசு யார் பாக்கெட்டிலிருந்து போகிறது என்பதைப் பொறுத்துத்தான் டிரைவர் மனது வேலை செய்கிறது. சேலம் ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முன்னால் ஒரு ஆட்டோ சவாரி ஏற்றிப் போனதும், பின்னால் இருப்பவர்கள் இன்ஜினைத் தொடவே மாட்டார்கள். இறங்கி, கம்பியைப் பிடித்து, கையாலேயே தள்ளி முன்னால் நகர்த்துவார்கள். அவருக்கு யாரும் மாசு பற்றி வகுப்பு எடுக்கவில்லை. எரிபொருள் அவர் காசு. டிரிப் கணக்கில் ஓடுகிற லாரி டிரைவரும் லீபஜாரில் லோடுக்குக் காத்திருக்கும்போது அணைத்துவிட்டுத்தான் கீழே இறங்குவார். ஓடிக்கொண்டே நிற்பவை எவை? மாதச் சம்பளக்காரர் ஓட்டும், ஓனர் டீசல் போடும் வேன்கள். கம்பெனிக் கார்கள். முதலாளியம்மா ஜவுளிக்கடையிலிருந்து வரும்போது உள்ளே ஜில்லென்று இருக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கிய கார்கள். உங்கள் பள்ளி வாசலிலும் வேன்களை மட்டும் எண்ணாதீர்கள். ஏசி போட்டுக்கொண்டு பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோரின் கார்களையும் எண்ணுங்கள். வேன் டிரைவர்கள் என்னிடம் சொல்லும் முதல் வார்த்தை, "அவங்க கார மட்டும் யாரும் கேக்கறதில்லீங்க" என்பதுதான். அதில் நியாயம் இருக்கிறது.

நிறுத்தாமல் இருக்க உண்மையான காரணங்களும் சில உண்டு, அவற்றைத் தெரியாமல் போய்ப் பேசினால் மரியாதை போய்விடும். பஸ், லாரிகளில் காற்றழுத்தத்தில் வேலை செய்யும் ஏர் பிரேக். இன்ஜின் ஓடினால்தான் கம்ப்ரசர் ஓடும், டேங்கில் ஏர் ஏறும். எங்காவது லீக் இருந்தால் அணைத்த ஐந்து நிமிடத்தில் ஏர் முள் இறங்கிவிடும். திரும்ப ஏறும்வரை பஸ்ஸை எடுக்க முடியாது. நேரத்துக்கு எடுக்க வேண்டிய டிரைவர் அதனால் அணைக்க மாட்டார். லீக் இல்லாத வண்டியில் அரை மணி கழித்தும் முள் பெரிதாக நகராது. ஆக, பஸ் ஸ்டாண்டில் உறுமிக்கொண்டே நிற்கும் பஸ்ஸில் பல சமயம் பழுது ஏர் லைனில் இருக்கிறது. அதைப் பார்க்க வேண்டியது டெப்போவும் ஓனரும். இன்னொன்று டர்போ, அதாவது வெளியேறும் புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி. நல்ல லோடில் ஓடி வந்த டீசல் வண்டியை நிறுத்திய உடனே அணைத்தால் கொதிக்கிற டர்போவில் ஆயில் ஓட்டம் நின்று பேரிங் கெடும். ஒன்றிரண்டு நிமிடம் ஓடவிட்டு அணைப்பது சரி. அந்த ஒன்றிரண்டு நிமிடம்தான் நாளடைவில் இருபது நிமிடமாகிவிட்டது. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ். 6 (புகை அளவுக்கான அரசு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் ஃபில்டர் இருக்கிறது. அது தன்னைத்தானே சூடேற்றி எரித்துச் சுத்தம் செய்துகொண்டிருக்கும்போது இடையில் அணைக்கக் கூடாது. ஆனால் அந்த ஃபில்டர் அடிக்கடி அடைத்துக்கொள்வதற்கு முக்கியக் காரணமே சும்மா நிறுத்தி ஓடவிடுவதும் குட்டிக் குட்டி ஓட்டமும்தான்.

ஓடவிட்டால் இன்ஜினுக்கு நல்லது என்கிற எண்ணம் தலைகீழானது. சும்மா ஓடும் டீசல் இன்ஜினில் சிலிண்டர் சூடு போதாது, டீசல் முழுசாக எரியாது. எரியாததில் கொஞ்சம் டீசல் தெளிக்கும் நாசில் முனையில் கரியாகப் படியும், கொஞ்சம் ரிங் வழியாக இறங்கி ஆயிலைக் கெடுக்கும், மீதி சைலன்சர் வழியாக உங்கள் மகள் முகத்துக்கு வரும். புகையைச் சுத்தம் செய்யப் பொருத்தியிருக்கும் கருவிக்கும் சுமார் 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். நின்று ஓடும் வண்டியில் அது ஆறிப்போய் வேலையை நிறுத்திவிடும். புதுவண்டி தானே, புகையே வராது என்று சொல்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியும் கறுப்புப் புகையைவிடத் தெரியாத துகள்தான் ஆழமாகப் போகிறது. 2.5 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கீழே உள்ளது மூக்கில் தங்காது, தொண்டையில் தங்காது, நேரே நுரையீரலின் அடிக்குப் போகும். டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. புகையிலைப் புகையும் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கிற அதே பிரிவு.

பள்ளி வாசலை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், உயரம். வேனின் சைலன்சர் முனை தரையிலிருந்து ஒன்றரை அடி. யு.கே.ஜி. பிள்ளையின் மூக்கு மூன்று அடி. நம் மூக்கு ஐந்து அடி. நமக்கு வந்து சேரும்போது கலைந்துபோன புகை அவளுக்குக் கலையாமல் கிடைக்கிறது. எடைக்கு எடை பார்த்தால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அதிலும் மூச்சிரைக்க ஓடிவந்து நிற்கும்போது. நான் பார்த்த ஒரு பள்ளி வாசலில் தட்டுவடை செட் போடும் ஒரு அக்கா இருக்கிறார். துருவிய கேரட், பீட்ரூட் தட்டின் மேல் வெள்ளைத் துணி போட்டு மூடிவைப்பார். மதியம் வெளுப்பாக இருக்கும் துணி பள்ளி விட்டு வேன்கள் கிளம்பியதும் சைலன்சர் பக்கத்து ஓரம் மட்டும் சாம்பல் பூத்துக் கிடக்கும். "தினமும் இந்த ஓரத்தத்தாங்க கசக்கறேன்" என்றார். அந்த அக்கா அங்கே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். டிரைவரும் அதே புகைக்குள்தான் இருக்கிறார், வேலை நாள் முழுக்க.

சேலத்துக்கு இதில் இன்னொரு சங்கடம். நாம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறோம். வடக்கே சேர்வராயன் மலை, நகரமலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மார்கழி, தை மாதக் காலையில் மேலே சூடான காற்று மூடிபோல் உட்கார்ந்துகொள்ளும், கீழே குளிர்ந்த காற்று அசையாது. அந்த நேரத்தில் ஏற்காடு லேடீஸ் சீட்டில் நின்று கீழே பாருங்கள். ஊர் தெரியாது, ஊர்மேல் பழுப்பாக ஒரு படலம் தெரியும். பள்ளிக்குப் பிள்ளைகள் போகும் எட்டரை மணிக்கும் அது பல நாள் கலைந்திருக்காது. நம் நாட்டுத் தர அளவு, முன்பு சொன்ன 2.5 மைக்ரான் நுண்துகளுக்கு, ஆண்டுச் சராசரி கன மீட்டருக்கு 40 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் 5 என்று குறைத்துவிட்டது. சோனா கல்லூரியில் உள்ள மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தானியங்கி நிலையம் காட்டும் எண்ணை ஃபோனில் பார்த்துவிட்டு "இன்னிக்குக் காத்து நல்லாத்தானே இருக்கு" என்று சொல்கிறார்கள். அது ஊருக்கான பொது எண். ஆறு வேன் ஓடிக்கொண்டு நிற்கும் வாசலில் உள்ள காற்று வேறு.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், நியூயார்க்கில் மூன்று நிமிடம், பள்ளிப் பக்கம் ஒரு நிமிடம் என்று நிமிடக் கணக்கே வைத்திருக்கிறார்கள். நம் மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படி நிமிடக் கணக்கு இல்லை. ஆனால் 126-ஆவது பிரிவு, பொது இடத்தில் வண்டி நின்றால் டிரைவர் சீட்டில் லைசென்ஸ் உள்ளவர் இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி பிரேக் போட்டிருக்க வேண்டும் என்கிறது. ஓடவிட்டுவிட்டு டீக்கடைக்குப் போவது அப்படியே சட்டமீறல். காற்று மாசு விதிகளை மீறும் வண்டிக்கு 190-ஆவது பிரிவில் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் மூன்று மாத லைசென்ஸ் தடையும் உண்டு. இவற்றைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், டிரைவரிடம் எடுத்தவுடன் சொல்லாதீர்கள். சொன்ன அன்றைக்கு அணைப்பார், மறுநாள் உங்களைப் பார்த்தாலே முகத்தைத் திருப்புவார்.

எப்படிக் கேட்டால் வேலை செய்யும் என்று பிரிட்டனில் கென்ட் பல்கலைக்கழகத்துக்காரர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கேன்டர்பரி ஊரில் ஒரு ரயில்வே கேட். மூடினால் வண்டிகள் நிமிடக்கணக்கில் நிற்கும், நம் முள்ளுவாடி கேட்டில் நாம் நின்றதுபோல. அங்கே விதவிதமான பலகைகள் வைத்து எத்தனை பேர் அணைக்கிறார்கள் என்று எண்ணினார்கள். யாரோ உங்களைக் கவனிக்கிறார்கள் என்பதுபோல் கண் படம் போட்ட பலகையைவிட, உங்களையே கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், கேட் மூடியிருக்கும்போது இன்ஜினை நிறுத்துங்கள் என்ற தொனியில் எழுதிய பலகைக்கு அதிகம் பேர் அணைத்தார்கள். டெல்லியில் 2020-ல் சிவப்பு விளக்கு எரிந்தால் வண்டியை அணை என்று பெரிய இயக்கமே நடத்தினார்கள். ஆட்கள் தட்டி பிடித்து நிற்கும்வரை நன்றாக நடக்கும். பலகையோ ஆளோ, டிரைவரைக் குற்றவாளியாக்காமல் அவர் மனசிடம் பேசுவதுதான் தங்கும் என்பது என் அனுபவமும்.

உங்கள் பள்ளியில் நான் செய்யச் சொல்வது இது. அந்த டிரைவரிடம் மறுபடி போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. "அண்ணா, அன்னிக்கு நீங்க சொன்னது சரிதான், செல்ஃப் வீக்கா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க" என்று ஆரம்பியுங்கள். பேட்டரி எப்போது மாற்றியது என்று கேளுங்கள். அந்தப் பேச்சு அவருக்கு ஆச்சரியமாக இருக்கும், ஏனென்றால் அவர் வண்டியைப் பற்றி எந்தப் பெற்றோரும் கேட்டிருக்க மாட்டார்கள். அடுத்து, நாலைந்து பெற்றோர் சேர்ந்து வேன் ஓனரைப் பாருங்கள், மேலே சொன்ன நூறு லிட்டர் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டுங்கள். ஓனருக்கு நுரையீரலைவிட அந்தக் கணக்கு சீக்கிரம் புரியும், அதில் தப்பொன்றும் இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் இரண்டே இரண்டு சோதனை கேளுங்கள்: ராத்திரி முழுக்க நின்ற பேட்டரி 12.6 வோல்ட் அருகே காட்ட வேண்டும், ஸ்டார்ட் செய்யும் நொடியில் பத்துக்குக் கீழே விழக் கூடாது. எந்தப் பேட்டரிக் கடையிலும் ஐந்து நிமிட வேலை. வருடாவருடம் பள்ளி திறக்கும் முன் எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று), தீயணைப்பான், கதவு என்று வண்டிகளைப் பார்க்கிறார்களே, அதோடு இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

வெயிலையும் மறந்துவிட வேண்டாம். சித்திரையில் நாற்பது டிகிரியில் தகரக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் ஏசியை அணை, இன்ஜினை அணை என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. உள்ளே மரத்தடியில் நான்கு நாற்காலி, ஒரு பானைத் தண்ணீர் என்று பள்ளி கொடுத்தால் டிரைவர்கள் வண்டியை அணைத்துவிட்டு அங்கேதான் போய் உட்காருவார்கள். ஒரு பள்ளியில் இப்படித்தான் நடந்தது. பலகையே வைக்கவில்லை, ஒரு வேப்பமரத்தடியைச் சுத்தம் செய்தார்கள், அவ்வளவுதான்.

இனி ஏற்காடு. அங்கே காலை பத்துப் பன்னிரண்டு டிகிரி இருக்கும்போது எல்லோரும் ஹோட்டல் வாசலில் கால் மணி நேரம் வண்டியை ஓடவிட்டுக்கொண்டு பெட்டி ஏற்றுவதைப் பார்க்கிறேன். பனி மூடிய காலையில் அந்தப் புகை ஏரிக்கரை ரோட்டிலேயே தங்கிவிடும், காப்பித் தோட்ட வாசனை பிடிக்க வந்தவர்கள் அதைத்தான் இழுக்கிறார்கள். இந்தக் குளிர் இன்றைய இன்ஜினுக்குக் குளிரே இல்லை. பெட்டிகளை ஏற்றி எல்லோரும் உட்கார்ந்த பிறகு ஸ்டார்ட் செய்யுங்கள், அரை நிமிடம் விடுங்கள், ஆயில் விளக்கு அணைந்திருக்கிறதா பாருங்கள், முதல் இரண்டு கிலோமீட்டரை மிதித்து விரட்டாமல் போங்கள். நின்று ஓடுவதைவிட மெதுவாக ஓடும்போதுதான் இன்ஜின் சீக்கிரம் சூடேறும். ஏறிப்போன அன்றைக்கு டீசல் காராக இருந்தால், நான் சொன்ன ஒன்றிரண்டு நிமிடம் டர்போவுக்குக் கொடுத்துவிட்டு அணையுங்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஏசியோ ஹீட்டரோ ஓட, நின்ற வண்டிக்குள் தூங்குவது மட்டும் ஒருபோதும் வேண்டாம். புகையில் வரும் கார்பன் மோனாக்சைடு உயிரைக் கொல்லும் வாயு, அதற்கு வாசனை கிடையாது.

அணைப்பதைப் பற்றி இவ்வளவு சொன்ன நானே கெஞ்சிக் கேட்பது ஒன்று: இறங்கும்போது அந்த இருபது கொண்டை ஊசி வளைவிலும் இன்ஜினை அணைக்காதீர்கள், நியூட்ரலில் விடாதீர்கள். பெட்ரோல் மிச்சம் என்று அப்படி இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இன்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டருக்கு இழுப்பு இருக்காது, இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங் இறுகும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். கோடை விழாக் கூட்டத்தில் வளைவில் நெரிசலாகி வண்டி முழுசாக நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, முதல் கியரில் போட்டு அணைக்கலாம். முன்வண்டி நகர்ந்ததும் கிளட்சை மிதித்து ஸ்டார்ட் செய்து, கால் பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். ஹேண்ட் பிரேக் பிடிமானத்தில் சந்தேகம் இருந்தால் ஏற்காடு அடிவாரத்திலேயே, முதல் ஏற்றத்தில் ஓரமாக நிறுத்தி ஒரு தடவை சோதித்துவிட்டு மேலே போங்கள்.